சலூனில் ட்ரீட்மென்ட் ரூம் எடுப்பது எப்படி? வாடகை, கமிஷன் பற்றிய முழுமையான வழிகாட்டி

சொந்தமாகப் பார்லர் போட இப்போதைக்குப் பணம் இல்லை, இன்னொருவரிடம் சம்பளத்துக்கு இருக்கவும் மனம் ஒப்பவில்லை என்கிற பியூட்டீஷியன்களுக்கு இருக்கும் நல்ல வழி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சலூனில் காலியாகக் கிடக்கும் ஒரு ரூமை எடுத்து அதில் தன் வேலையைத் தானே பார்ப்பது. சலூன்காரருக்கு சும்மா கிடந்த ரூமிலிருந்து வருமானம், உங்களுக்குப் பெட் போட ஓர் இடம், வாசலில் ஏற்கெனவே வந்துபோகும் கூட்டம். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் "மாசம் இவ்வளவு கொடுத்துடுங்க" என்றோ "வர்றதுல நாற்பது எனக்கு, அறுபது உங்களுக்கு" என்றோ ஒரே வரியில் பேசி முடித்து சாவியை வாங்கிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்கள்.

நாற்பது சதவீதம் என்றால் எதில் நாற்பது? பில் தொகையிலா, க்ரீம் செலவு போக மிச்சத்திலா, வரியையும் சேர்த்தா? உங்கள் கையில் கடைசியாக என்ன நிற்கும் என்பதை அந்த நாற்பதை விட இந்தக் கேள்விதான் முடிவு செய்யும். அதனால் கீழே சொல்வதில் கணக்குப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் போட்டிருக்கும் எண்கள் வெறும் கணக்குப் புரிவதற்காக, உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த மாதிரி ஏற்பாடு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

சலூன்காரர்கள் பொதுவாகச் சொல்வது நான்கு வகை. மாதத்துக்கோ வாரத்துக்கோ நிலையான வாடகை. வாரத்தில் சில நாள், அல்லது மணிக்கணக்கில் எடுப்பது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையிலும் ஒரு சதவீதம் சலூனுக்குப் போகும் கமிஷன். அப்புறம் இரண்டும் கலந்தது: கொஞ்சம் வாடகை, அதற்கு மேல் கொஞ்சம் கமிஷன்.

கலந்த ஏற்பாட்டில் ஒரு வாசகத்தை மட்டும் கவனியுங்கள், "வாடகை அல்லது கமிஷன், இரண்டில் எது அதிகமோ அது". கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் வேலை குறைந்த மாதத்தில் வாடகை உறுதியாகப் போய்விடும், வேலை அதிகமான மாதத்தில் கமிஷன் போய்விடும், இரண்டு பக்கமும் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான். இப்படிக் கேட்டால் பதிலுக்கு நீங்கள் ஒரு உச்சவரம்பு கேளுங்கள், அதாவது எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரு மாதத்தில் இந்தத் தொகைக்கு மேல் சலூனுக்குப் போகாது என்று. வரம்பே வைக்க மாட்டேன் என்பவரிடம் இந்த வகையில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

படி 2: ரூமில் எத்தனை வேலை செய்ய முடியும் என்று எண்ணுங்கள்

ஒரு மணி நேர ஃபேஷியல் ஒரு மணி நேரத்தில் முடியாது. ஷீட் மாற்ற வேண்டும், பெட்டைத் துடைக்க வேண்டும், பவுல், பிரஷ் எல்லாம் கழுவ வேண்டும், அடுத்தவரிடம் சரும விவரம் கேட்டு எழுத வேண்டும். 75 நிமிடம் என்று வைத்தால்தான் சரி வரும். 8 மணி நேர நாளில் 6 பேர், வாரம் 5 நாள் என்றால் 30 பேர், நான்கு வாரத்துக்கு 120 பேர். இது ரூம் முழுக்க நிரம்பினால். புதிய இடத்தில் ஆரம்பத்தில் அப்படி நிரம்பாது, அதனால் பாதி, அதாவது 60 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். சராசரியாக ஒருவரிடமிருந்து 500 வந்தால் மாதம் 30,000.

படி 3: வாடகையும் கமிஷனும் எந்த இடத்தில் சமமாகின்றன என்று பாருங்கள்

வாடகையைக் கமிஷன் சதவீதத்தால் வகுத்தால் போதும். வாடகை 12,000, கமிஷன் 40 சதவீதம் என்றால் 12,000-ஐ 0.40-ஆல் வகுக்க 30,000 வரும். மாத வரவு 30,000-க்குக் கீழே இருந்தால் கமிஷன் லாபம், மேலே போனால் வாடகை லாபம். முதல் மாதம் 24 பேர்தான் வந்தார்கள் என்றால் வரவு 12,000, வாடகை ஏற்பாட்டில் மொத்தமும் போய்விடும், கமிஷனில் 4,800 மட்டும் போகும். அதுவே 90 பேர் வரும் மாதத்தில் வரவு 45,000, கமிஷன் 18,000, வாடகையோ அதே 12,000.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கமிஷன் ஏற்பாட்டில் வேக்ஸ், க்ரீம், டவல், சலவை, டிஸ்போசபிள் எல்லாவற்றையும் பெரும்பாலும் சலூன் கொடுக்கும், வாடகை ஏற்பாட்டில் அத்தனையும் உங்கள் செலவு. ஒருவருக்கு 50 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கமிஷனில் ஒருவருக்கு 200 சலூனுக்குப் போகிறது. வாடகையில் 12,000 போக ஒவ்வொருவருக்கும் 50 செலவு. இரண்டும் சமமாவது இப்போது 60 பேரில் இல்லை, 80 பேரில். 20 பேர் வித்தியாசம் என்பது சின்ன விஷயம் இல்லை. ரிசப்ஷனில் போன் எடுக்க ஆள், புக்கிங் ஆப், கார்டு மெஷின் கட்டணம் என்று ஒவ்வொன்றையும் இதே மாதிரி சேர்த்துப் பாருங்கள், உங்களுக்கான எண் கிடைத்துவிடும். அந்த எண்ணை எட்ட முடியும் என்ற நம்பிக்கை கையில் இருக்கும் கஸ்டமர்களை வைத்து வர வேண்டும். வருவார்கள் என்று நினைப்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 4: சதவீதம் எதன் மேல் என்பதை வரி வரியாகப் பேசுங்கள்

பேச்சுவார்த்தையில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம், தப்பே இல்லை.

முதலில் பொருள் செலவு. பில் 1,000, அதற்கு நீங்கள் உங்கள் காசில் வாங்கிய சீரம், மாஸ்க் 150. பில் முழுத் தொகையில் 40 சதவீதம் என்றால் சலூனுக்கு 400, உங்களுக்கு 600, அதில் 150 போக 450. பொருள் செலவை முதலில் கழித்துவிட்டுப் பிரித்தால் 850-இல் சலூனுக்கு 340, உங்களுக்கு 510. ஒரு வேலைக்கு 60 வித்தியாசம், மாதம் 60 பேருக்கு 3,600. சதவீதம் மாறவே இல்லை, பாருங்கள். பொருளை நீங்கள் கொண்டுவந்தால் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு என்று கேளுங்கள். சலூன் கொடுத்தால் முழுத் தொகையில் கமிஷன் கேட்பது நியாயம்தான்.

அடுத்தது வரி. விலையோடு 5 சதவீத வரி சேர்த்து 1,050 வாங்குகிறீர்கள் என்றால் அதில் 50 அரசாங்கத்துக்குப் போக வேண்டிய பணம். 1,050-இல் 40 சதவீதம் 420, 1,000-இல் 40 சதவீதம் 400. உங்களுடையதே இல்லாத பணத்துக்கு 20 கமிஷன் கொடுப்பீர்கள். வரி சேர்க்கும் நிலையில் இருந்தால் "வரிக்கு முந்தைய தொகையில்" என்ற வார்த்தைகள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

தள்ளுபடியில்தான் அதிகம் மனஸ்தாபம் வருகிறது. சலூன் தன் விளம்பரத்துக்காக 25 சதவீதத் தள்ளுபடி அறிவிக்கிறது, 1,000 வேலை 750 ஆகிறது. அதை 60:40 பிரித்தால் உங்களுக்கு 450. அதே நேரம், அதே உழைப்பு, 150 குறைவு. அறிவித்தவர் யாரோ அவர் பங்கிலிருந்து தள்ளுபடி கழியட்டும் என்பது சுத்தமான விதி. உங்களைக் கேட்டு, நீங்களும் சம்மதித்த தள்ளுபடி என்றால் பாதிப்பாதி.

பேக்கேஜும் கிஃப்ட் வவுச்சரும் இன்னொரு வகை. 6 ஃபேஷியலுக்கான பணத்தை சலூன் மொத்தமாக வாங்கிக் கல்லாவில் போட்டிருக்கும், கஸ்டமர் உங்களிடம் ஒவ்வொன்றாக வந்து செய்துகொள்வார். வேலை முடிந்த அன்றே அந்த ஒரு முறைக்கான உங்கள் பங்கு எழுதப்பட வேண்டும். பணம் எப்போதோ வாங்கியாயிற்று, அந்த மாதக் கணக்கு முடிந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடம் வைக்காதீர்கள். டிப்ஸ் முழுக்க உங்களுக்கு. ரூமில் நீங்கள் பேசி விற்கும் சலூனின் க்ரீம், ஷாம்புக்கு உங்களுக்கு ஒரு சதவீதம். கஸ்டமருக்குத் திருப்தி இல்லாமல் மறுபடி செய்து கொடுத்தால் அதற்குக் கமிஷன் கிடையாது. இந்த மூன்றையும் ஒரு வரியில் எழுதிக்கொண்டால் போதும்.

படி 5: பணம் முதலில் யார் கைக்கு வருகிறது?

வாடகை ஏற்பாடு என்றால் கஸ்டமர் உங்களுக்கே கட்டட்டும், உங்கள் கணக்கு, உங்கள் கார்டு மெஷின், உங்கள் பெயரில் ரசீது. வாடகையும் கொடுத்துவிட்டு உங்கள் வரவையும் சலூன் கல்லாவில் போட விடுவதற்குக் காரணமே இல்லை. சலூன் நாளைக்குக் கடன் தொல்லையில் மூடினால் அந்தக் கல்லாவில் இருக்கும் உங்கள் பணத்தை வாங்குவது பெரும் பாடு.

கமிஷன் ஏற்பாட்டில் பெரும்பாலும் சலூன்தான் வாங்கும். அப்படியென்றால் வாரத்துக்கு ஒரு முறை கணக்குத் தீர்க்க வேண்டும், மாதக் கடைசி வரை விட வேண்டாம். தினமும் ஒரு தாள் எழுதுங்கள். தேதி, நேரம், கஸ்டமர் பெயரின் முதல் எழுத்து, செய்த வேலை, விலைப்பட்டியல் தொகை, தள்ளுபடி, உண்மையில் வாங்கியது, ரொக்கமா கார்டா, உங்கள் பங்கு. "காலை 11:15, ம, அரை கை வேக்சிங், 300, தள்ளுபடி இல்லை, 300, ரொக்கம், 180" என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகும். சாயங்காலம் கிளம்பும்போது ரிசப்ஷனில் இருப்பவர் ஒரு கையெழுத்துப் போடட்டும், நீங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

படி 6: கூட்டம் இருக்கும் நேரத்தில் ரூமைப் போய்ப் பாருங்கள்

காலை பத்து மணிக்குப் பார்த்தால் எந்த ரூமும் அமைதியாகத்தான் இருக்கும். மாலையிலோ வார விடுமுறையிலோ போய், கதவைச் சாத்திக்கொண்டு பெட்டில் ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். ஹேர் ட்ரையர் சத்தம், வெளியே சத்தமாகப் பேசுவது, ஹேர் கலர் வாசனை எல்லாம் உள்ளே எவ்வளவு வருகிறது என்று தெரியும். நீங்கள் ஃபேஷியல், மசாஜ் செய்பவர் என்றால் இது பெரிய விஷயம், த்ரெட்டிங், வேக்சிங் மட்டும் என்றால் அவ்வளவு முக்கியமில்லை.

ரூமுக்குள்ளேயே கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா, சுடுதண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பாருங்கள். பவுலைத் தூக்கிக்கொண்டு கஸ்டமர்கள் உட்கார்ந்திருக்கும் வழியாக நடப்பது உங்களுக்கும் சிரமம், பார்ப்பவர்களுக்கும் நன்றாக இருக்காது. பிளக் பாயின்ட் எத்தனை என்று எண்ணுங்கள்: ஸ்டீமர், வேக்ஸ் ஹீட்டர், மேக்னிஃபையிங் விளக்கு, டவல் வார்மர் என்று நான்கு வந்துவிடும், ஒரே எக்ஸ்டென்ஷனில் ஸ்டீமரும் ஹீட்டரும் போடுவது ஆபத்து. பெட்டின் தலைமாட்டிலும் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்ய இடம் வேண்டும், 3 மீட்டருக்கு 3 மீட்டர் இருந்தால் தாராளம். தரை கழுவக்கூடியதாக இருக்கட்டும், கார்பெட்டில் வேக்ஸ் சிந்தினால் எடுக்கவே முடியாது. காற்றோட்டம் எல்லோருக்கும் தேவை, அக்ரிலிக் நகம் செய்பவர்களுக்கு அது இல்லாத ரூம் உதவவே உதவாது.

கருவி சுத்தம் பற்றியும் இப்போதே கேளுங்கள். "யூவி பெட்டி இருக்கு" என்று காட்டுவார்கள். ஏற்கெனவே கிருமி நீக்கியதை உள்ளே வைத்துக்கொள்ளத்தான் அது, கருவியை அது ஸ்டெரிலைஸ் செய்யாது, அதாவது எல்லாக் கிருமியையும் அழிக்காது. தோலைத் துளைக்கும் வேலை, ரத்தம் படக்கூடிய வேலை செய்பவர் என்றால் ஆட்டோக்ளேவ் (நீராவியால் கருவிகளை ஸ்டெரிலைஸ் செய்யும் இயந்திரம்) வேண்டும், அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். சலூனுடையதைப் பகிர்ந்துகொள்ளலாமா, ஊசிக் கழிவை எடுத்துப்போகும் செலவு யாருடையது என்று பேசிக்கொள்ளுங்கள்.

ரூமைப் பகிர்ந்து எடுப்பவர்கள் பூட்டுப் போட்ட அலமாரி ஒன்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் க்ரீம் டப்பா எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று யாரிடமும் கேட்க முடியாது.

படி 7: அனுமதி, இன்ஷூரன்ஸ்

அந்தக் கட்டடமே சலூன்காரர் வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். அப்படியென்றால் உள்ளே இன்னொருவருக்கு ரூமை விட அவருக்கு உரிமை இருக்கிறதா என்று அவருடைய ஒப்பந்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் கட்டட உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுத்து, அலமாரி வாங்கிப் போட்டு, போர்டும் மாட்டிய பிறகு வெளியே போகச் சொன்னால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சலூனின் இன்ஷூரன்ஸ் சலூனுக்குத்தான். நீங்கள் தனியாகத் தொழில் செய்பவர் என்பதால் உங்கள் கையால் ஒருவருக்குச் சூடு பட்டாலோ அலர்ஜி வந்தாலோ அது உங்கள் பொறுப்பு, உங்கள் பெயரில் தனி பாலிசி வேண்டும். அதில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு ட்ரீட்மென்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், லேசரும் கெமிக்கல் பீலும் பல பாலிசிகளில் தனியாகச் சேர்க்க வேண்டியவை. உள்ளாட்சி அனுமதி, சுகாதாரச் சான்று, உங்கள் தொழில் உரிமம் இவற்றில் சலூனுடைய உரிமம் எதற்கெல்லாம் செல்லும், நீங்கள் தனியாக எதை எடுக்க வேண்டும் என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன விலை, என்ன சீருடை, எந்த நாள் லீவு என்று எல்லாவற்றையும் சலூனே முடிவு செய்தால், தாளில் நீங்கள் தனித்தொழில் என்று எழுதியிருந்தாலும் பல நாடுகளின் தொழிலாளர் சட்டமும் வரித்துறையும் உங்களை அங்கே வேலை பார்ப்பவராகவே கருதலாம். நேரமும் விலையும் உங்கள் முடிவில் இருக்கட்டும். அதெல்லாம் முடியாது, நாங்கள் சொன்னபடிதான் என்றால், சம்பளம், லீவு, மற்ற சலுகைகளோடு வேலைக்கே எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பதுதான் முறை.

படி 8: கஸ்டமர் யாருடையவர்?

இதைப் பேசக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் பேசுங்கள். நீங்கள் அழைத்து வந்தவர்கள் உங்களுடையவர்கள், அவர்கள் போன் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும். சலூனில் முடி வெட்ட வந்தவரை ரிசப்ஷன் உங்கள் ரூமுக்கு அனுப்பினால் அவர் சலூன் வழியாக வந்தவர். இரண்டுக்கும் வேறு வேறு கமிஷன் வைப்பது நல்ல யோசனை, சலூன் அனுப்பியவருக்கு 40, நீங்களே அழைத்து வந்தவருக்கு 25 என்பது போல. உழைப்பு யாருடையதோ பணமும் அங்கே போகும், இரண்டு பேருக்கும் ஆள் சேர்க்க ஆர்வமும் வரும்.

ரூமை விட்டுப் போனால் சலூனின் கஸ்டமர்களைத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற நிபந்தனை வரலாம். சலூன் அனுப்பியவர்களுக்கு மட்டும், ஆறு மாதம் போல ஒரு கால வரம்போடு என்றால் ஒப்புக்கொள்ளலாம். எல்லா கஸ்டமருக்கும் என்று எழுதியிருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். அதோடு, நீங்கள் செய்யும் அதே ட்ரீட்மென்டை அதே சலூனில் இன்னொருவருக்கு விட மாட்டோம் என்ற உறுதியையும் இந்த இடத்தில்தான் கேட்க வேண்டும்.

படி 9: தொகையைப் பேசுங்கள்

சலூன்காரர் சொல்லும் வாடகை நியாயமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சலூனின் மொத்தப் பரப்பில் உங்கள் ரூம் எவ்வளவு பங்கு, அந்தப் பங்குக்குக் கட்டட வாடகை, மின்சாரம், தண்ணீர் எவ்வளவு வரும், அதன் மேல் ரிசப்ஷன் உதவிக்கும் அவருடைய லாபத்துக்கும் கொஞ்சம். 80 சதுர மீட்டர் சலூனில் 8 சதுர மீட்டர் ரூம் என்றால் பத்தில் ஒரு பங்கு. அதைவிட ஒன்றரை மடங்கு கேட்டால் பேசலாம், மூன்று மடங்கு கேட்டால் எதற்கு என்று காரணம் கேளுங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது, முதல் மூன்று மாதம் கமிஷனில் ஆரம்பியுங்கள், எப்போது வாடகைக்கு மாறுவது என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். "தொடர்ந்து இரண்டு மாதம் வரவு 40,000-ஐத் தாண்டினால், அடுத்த மாதம் முதல் மாத வாடகை 12,000" என்கிற மாதிரி. நீங்கள் நன்றாகச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு போய்க் கேட்டால் சலூன்காரர் ஏன் மாற்றப்போகிறார்? கையில் கஸ்டமர் பட்டியலோடு இடம் மாறுபவர்கள் நேராக வாடகைக்கே போகலாம், முதல் மாதம் மட்டும் பாதி வாடகை கேட்டுப் பாருங்கள். பல மாதமாகக் காலியாக இருக்கும் ரூம் என்றால் கிடைத்துவிடும்.

படி 10: எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்

சொந்தக்காரர், தோழி, பழைய முதலாளி, யாராக இருந்தாலும் எழுத வேண்டும். இரண்டு பக்கம் போதும். மேலே பேசியவற்றோடு கீழே உள்ளவையும் இருக்கட்டும்.

- அட்வான்ஸ் எவ்வளவு, எதற்காக அதில் பிடிக்கலாம், காலி செய்து எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள்.
- நோட்டீஸ் காலம், இரண்டு பக்கமும் ஒரே அளவு.
- வாடகையை எப்போது, அதிகபட்சம் எத்தனை சதவீதம் ஏற்றலாம்.
- சலூன் மூடியிருக்கும் நாட்களுக்கும், தண்ணீர், மின்சாரம் இல்லாமல் வேலை நின்ற நாட்களுக்கும் வாடகைக் கழிவு.
- உங்களுக்கு உடம்பு சரியில்லை, லீவு என்றால் வருடத்தில் இத்தனை வாரத்துக்குப் பாதி வாடகை.
- சாவி, திறக்கும் நேரம், விடுமுறை நாளில் உள்ளே வரலாமா.
- பெட், ஸ்டீமர், விளக்கு எது யாருடையது, ரிப்பேர் யார் செலவு.

கடைசி வரிக்காக, உள்ளே போகும் அன்றே ரூமைச் சுற்றிப் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஏற்கெனவே இருந்த கீறல், பெட் ரெக்சினில் இருந்த கிழிசல், எல்லாம் தேதியோடு தெரியும்படி.

காலி செய்யும்போது செய்ய வேண்டியதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்: பாதியில் நிற்கும் பேக்கேஜ்களின் பட்டியல், மிச்ச முறைகளை யார் செய்து கொடுப்பது, அதற்கான பணம் யாரிடம் இருந்து யாருக்குப் போக வேண்டும், கடைசி வாரக் கமிஷன் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், நீங்கள் போன பிறகு உங்களைக் கேட்டு வரும் கஸ்டமருக்கு ரிசப்ஷனில் உங்கள் புதிய நம்பரைக் கொடுப்பார்களா மாட்டார்களா என்பது வரை.